இன்ஜின் மாறியது, ஃபேன் ஏன் ஓடவில்லை?

வண்டி மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் இன்ஜின் மாற்றியவர்களின் புலம்பல்தான் அதிகம். இன்ஜின் ஏறிவிட்டது, ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது, ஆனால் கூலிங் பக்கம் ஏதோ ஒன்று உதைக்கிறது. அந்தக் கடிதங்களை மட்டும் சுருக்கி இங்கே தருகிறேன். கியர் பாக்ஸ் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பழைய காரின் கார்புரேட்டர் இன்ஜினை இறக்கிவிட்டு, விபத்தில் சிக்கிய வேறு ஒரு காரின் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும்) இன்ஜினை, இசியூ (இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டி), இன்ஜின் வயரிங்கோடு சேர்த்து ஏற்றினோம். வண்டி நன்றாக ஓடுகிறது. ரேடியேட்டர் ஃபேன் மட்டும் தானாக ஓடுவதே இல்லை. பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் ஓடுகிறது. ரிலே (சிறு கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் மின்காந்த சுவிட்ச்), ஃபியூஸ், டெம்பரேச்சர் சென்சார் மூன்றையும் புதிதாக வாங்கிப் போட்டேன், பலன் இல்லை. இப்போதைக்கு டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து நானே போட்டு அணைக்கிறேன். எங்கே கோளாறு?

பதில்: பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்த்தீர்களே, இதுவரை நடந்ததில் அது ஒன்றுதான் சோதனை. மற்றதெல்லாம் செலவு. ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து வந்த இன்ஜினில் ரிலே, ஃபியூஸ், சென்சார் மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு. இன்ஜின் மாற்றிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பொருளை இல்லை, வயர் எங்கே போய்ச் சேருகிறது என்பதை.

உங்கள் பழைய காரில் ஃபேனை ஓடச் சொன்னது ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மோ சுவிட்ச். தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டியதும் அதற்குள் இருக்கும் தகடு வளைந்து தொடும், ஃபேன் ஓடும். இசியூ என்ற பேச்சே அதில் கிடையாது. புதிதாக ஏற்றிய இன்ஜினில், சிலிண்டர் ஹெட் பக்கம் உள்ள சென்சார் சூட்டை இசியூவுக்குச் சொல்லும். இசியூ ரிலே காயிலின் ஒரு முனையை எர்த் செய்யும், அதாவது பேட்டரி நெகட்டிவ் பக்கத்தோடு இணைக்கும். ரிலே ஒட்டிக்கொண்டு ஃபேனுக்குக் கரன்ட் விடும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இன்ஜின் வயரிங் முழுசாக வந்துவிட்டது, அதனால் ஃபேன் வயரும் அதில் வந்திருக்கும் என்று நினைப்பு. பெரும்பாலான கார்களில் ஃபேன் ரிலே இன்ஜின் வயரிங்கில் இருக்காது. முன்பக்க பாடி வயரிங்கில், ஹெட்லைட், ஹாரன் லைன்களோடு இருக்கும். இசியூவிலிருந்து வரும் ஃபேன் கட்டளை வயர், ஃபயர்வால் தகட்டுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) வரைக்கும்தான் உங்களோடு வந்திருக்கும். கப்ளரின் மறுபாதி அந்த விபத்துக் காரிலேயே தங்கிவிட்டது. ஆக, இசியூ கட்டளை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. உங்கள் விஷயமும் இதுதான் என்று பந்தயம் கட்டுவேன். ஆனாலும் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

பார்க்க வேண்டிய இடம் ரிலே சாக்கெட். இந்தச் சிக்கலில் பாதியை அங்கே உட்கார்ந்தபடியே அவிழ்த்துவிடலாம். ரிலேயைப் பிடுங்கி அடியில் பாருங்கள், 30, 85, 86, 87 என்று பொறித்திருக்கும். சில ஜப்பானிய வகைகளில் 1, 2, 3, 5 என்று இருக்கும். அதில் குழப்பம் வந்தால் மீட்டரை ஓமில் வைத்து இரண்டிரண்டு காலாகத் தொடுங்கள். 50 முதல் 120 ஓம் வரை காட்டும் ஜோடிதான் காயில். மற்ற இரண்டும் கனமான கரன்ட் போகும் கால்கள்.

முதலில் 30. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் லைன் இது. மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட் இழுப்பதே இல்லை. பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நாலரை ஆம்ப் இழுக்கும். ஒரு முனை 30-ல், மறுமுனை நல்ல எர்த்தில். பல்பு கண்ணைக் கூசும்படி எரிந்தால் லைன் சுத்தம். மஞ்சளாக முனகினால் எங்கோ லக் (வயர் நுனியில் உள்ள உலோக முனை) துருப்பிடித்திருக்கிறது, அல்லது யாரோ வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். என் பெட்டியில் மல்டிமீட்டருக்கு மேலே இந்தப் பல்புதான் கிடக்கும்.

அடுத்து, தடிமனான ஒரு வயரால் 30-ஐயும் ஃபேனுக்குப் போகும் 87-ஐயும் சாக்கெட்டில் இணையுங்கள். ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் கனமான பக்கம் முடிந்தது, இனி அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். கையும் சட்டை நுனியும் ஃபேனுக்கு எட்டாமல் இருக்கட்டும்.

மூன்றாவது 86. சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் போக வேண்டும்.

கடைசியாக 85, இசியூ எர்த் செய்யும் கால். இங்கே ஹெட்லைட் பல்பைக் கொண்டுவரவே கூடாது. ரிலே காயில் இழுப்பது சுமார் 0.2 ஆம்ப்தான். இசியூவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டது. எல்இடி டெஸ்ட் லேம்ப் எடுத்து, ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை 85 ஓட்டையிலும் வையுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எரியக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு, கூலன்ட் சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். சூடு தெரியாமல் போனால் பெரும்பாலான இசியூக்கள் பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டச் சொல்லிவிடும். விளக்கு எரிந்தால் கட்டளை ரிலே வரைக்கும் வருகிறது. எரியாவிட்டால் இசியூ கப்ளரிலிருந்து இந்த ஓட்டை வரை வயர் தொடர்ச்சி பாருங்கள். முன்னே சொன்ன அந்தத் தொங்கும் கப்ளரில் போய் நிற்பீர்கள்.

எந்தப் பின் என்று நிறத்தை நம்பிக் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரே மாடலில் ஏசி உள்ளதற்கும் இல்லாததற்குமே வயர் மாறும். எந்தக் காரிலிருந்து இன்ஜின் வந்ததோ அதே ஆண்டு, அதே வகையின் வயரிங் வரைபடம் கையில் இல்லாமல் இசியூ கப்ளரைத் தொடுவது எனக்குப் பிடிக்காத வேலை.

இன்னும் இரண்டு விஷயம். சில கார்களில் இசியூ ரிலேயை ஓட்டுவதில்லை. ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கன்ட்ரோல் மாட்யூலுக்கு விட்டு விட்டுத் துடிக்கும் சிக்னலை அனுப்பும். அந்த வயரில் சாதாரண ரிலேயைக் கோத்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அசையவே அசையாது. அப்படிப்பட்ட இன்ஜின் என்றால் அதன் மாட்யூலையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, காயிலோடு டையோடு (ஒரு திசையில் மட்டும் கரன்ட் விடும் பொருள்) வைத்த ரிலேக்கள் உண்டு, மூடியின் மேல் சின்னமாகப் போட்டிருக்கும். அதில் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுத்தால் டையோடு வழியாக நேரடி ஷார்ட். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், இசியூ டிரான்சிஸ்டர் போனால் நஷ்டம்.

டேஷ்போர்டு சுவிட்ச்? அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் ஃபேன் கரன்ட் முழுவதையும் அந்தச் சுவிட்ச் வழியாக விட்டிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது 15 முதல் 25 ஆம்ப் வரை சாதாரணமாக இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. டேஷ்போர்டு சுவிட்ச் அதற்கு உருகும். சுவிட்ச் வைத்தே தீர வேண்டும் என்றால் அது ரிலே காயிலை மட்டும் எர்த் செய்யட்டும். கனமான லைனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். இன்ஜின் மாற்றியதிலிருந்து சாவி போட்டதுமே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் ஆனதும் பெட்ரோல் வாடை தூக்குகிறது. ரிலேயில் கோளாறா?

பதில்: ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருந்தால் சாவியை எடுத்தாலும் ஃபேன் ஓடும், விளக்கும் எரியாது. பெட்ரோல் வாடை என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு. இன்ஜின் உறைந்து கிடக்கிறது என்று இசியூ நம்பிக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. அதே சமயம் சென்சாரையும் நம்பாமல் ஃபேனை ஓட்டுகிறது.

இசியூவின் கணக்குகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகி கூலன்ட் சூட்டைப் பாருங்கள். மைனஸ் 40 டிகிரி காட்டினால் லைன் திறந்து கிடக்கிறது. பி0118 என்ற பிழைக் குறியீடும் கூடவே இருக்கும். தலைகீழாக 130, 140 டிகிரி காட்டி பி0117 வந்தால் எங்கோ ஷார்ட். இரண்டிலும் ஃபேன் ஓடும், காரணம் வேறு வேறு.

மைனஸ் 40 என்று வைத்துக்கொள்வோம். சென்சார் கப்ளரைக் கழற்றி, சாவி போட்டு, கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 5 வோல்ட் இருக்க வேண்டும். இருந்தால், அது இரண்டு வயர் கூலன்ட் சென்சார் கப்ளர்தான் என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு பின்னையும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள். ஸ்கேனரில் எண் மைனஸ் 40-லிருந்து உச்சிக்குத் தாவினால் இசியூவும் வயரும் நல்லது, கோளாறு சென்சாரில். தாவாவிட்டால் வயரில். இதைச் செய்யாமல் சென்சார் வாங்கப் போகாதீர்கள்.

சென்சாரையும் அளந்துவிடலாம். சூடு ஏற ஏற ஓம் குறையும் வகை இது. பரவலாக வரும் பாஷ் வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80-ல் சுமார் 320, 100-ல் 190-க்குக் கொஞ்சம் குறைவு. வேறு தயாரிப்பில் இந்த எண்கள் வேறு. அதனால்தான் பழைய இன்ஜினின் சென்சார் மரை பொருந்துகிறதே என்று புது இன்ஜினில் திருகக் கூடாது. பொருந்தும், எண்ணும் வரும், ஆனால் பொய் எண்.

இன்னொன்று, அடிக்கடி பார்ப்பது. ஒரே மாதிரி இரண்டு பின் கப்ளர்கள் இன்ஜின் மேல் பல இருக்கும். அவசரத்தில் கூலன்ட் சென்சார் கப்ளரைப் பக்கத்தில் உள்ள வேறு எதிலோ செருகியிருப்பார்கள். உள்ளிழுக்கும் காற்றின் சென்சாரோடு மாறியிருந்தால் பிழைக் குறியீடுகூட வராது, ஏனென்றால் இரண்டும் ஒரே குணம் கொண்டவை. இதற்கு எளிய வழி: இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் கூலன்ட் சூடு, காற்றின் சூடு இரண்டையும் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்தால் கூலன்ட் மட்டும் சீராக ஏற வேண்டும். எது ஏறுகிறது என்று பார்த்தாலே கப்ளர் மாறிய குட்டு வெளிப்படும்.

ஸ்கேனரில் சூடு சரியாகவே காட்டுகிறது, ஆனாலும் ஃபேன் ஓடுகிறது என்றால் ஏசி பக்கம் போங்கள். ஏசி ஓடுகிறது என்று சிக்னல் வந்தால் இசியூ ஃபேனைப் போடும். ஏசி பிரஷர் சென்சார் இணைக்காமல் விட்ட வண்டிகளில் சில இசியூக்கள் சும்மாவே ஃபேனை ஓட்டும்.

கேள்வி: மீட்டர் போர்டில் டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது. ஹெட்லைட் போட்டால் ஏறுகிறது, ஃபேன் ஓடினால் இன்னும் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. பழைய மீட்டர், புதிய இன்ஜின்.

பதில்: ஹெட்லைட் போட்டால் தண்ணீர் கொதிக்காது. அது எர்த்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை இருக்கும். இன்ஜின் மாற்றும்போது அதைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள், அங்கேயே மறந்துவிடுவார்கள். இன்ஜின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு வேறு நேரடி உறவு இல்லை. பேட்டரி நெகட்டிவ் ஒரு பக்கம் மட்டும் கட்டியிருந்தால், மறுபக்கத்துக் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த வழியில் நுழைந்து திரும்பும். ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கேபிள் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தலையிலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். மறுமுனை இன்ஜின் பிளாக்கில். ஹெட்லைட், ஃபேன், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் விடாதீர்கள். அடுத்து பிளாக்கை விட்டுப் பாடியில், அதற்கடுத்து மீட்டர் போர்டின் எர்த்தில். எங்கே எண் குதிக்கிறதோ அங்கே போல்டைக் கழற்றிப் பாருங்கள். லக்குக்கு அடியில் பளபளவென்று பெயின்ட் இருக்கும். புதுப் பெயின்ட் அடித்த இன்ஜின் அறைகளில் இது சகஜம். சுரண்டி, வெள்ளி நிறம் தெரிந்த பிறகு முடுக்குங்கள்.

மீட்டருக்கான சென்டரில் (முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் தனி சென்சார்) ஒரே ஒரு வயர்தானே இருக்கும்? அது தன் மரை வழியாகவே எர்த் எடுக்கிறது. தண்ணீர் கசியக் கூடாது என்று டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தால் எர்த் பலவீனமாகிவிடும்.

முள் ஆடாமல் நின்றாலும் சரியான இடத்தில் நிற்க வேண்டுமே. பழைய மீட்டருக்குப் பழைய சென்டர்தான் ஜோடி. அதைப் புதிய இன்ஜினில் தனியாக ஓர் இடம் பார்த்து, தேவையானால் அடாப்டர் வைத்துப் பொருத்துங்கள். இசியூவின் கூலன்ட் சென்சார் வயரில் கிளை எடுத்து மீட்டருக்குக் கொடுக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த வயரில் இன்னொரு பொருளைத் தொங்கவிட்டால் வோல்ட் மாறும், இசியூ படிக்கும் சூடும் மாறும், பெட்ரோல் அளவிலிருந்து ஃபேன் வரை எல்லாம் தடம் புரளும். அதே போல, இசியூ சென்சாரின் எர்த் வயரை இசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று பிளாக்கில் கட்டினால், இப்போது முள் ஆடுவது போல இசியூவின் கணக்கும் ஆடும்.

கேள்வி: ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை எடுத்தால் இன்ஜின் உடனே நிற்பதில்லை. ஒன்றிரண்டு நொடி இழுத்துக்கொண்டு பிறகுதான் நிற்கிறது. ஃபேன் ஓடாதபோது உடனே நின்றுவிடுகிறது. பேய் பிடித்ததா?

பதில்: பேய் இல்லை, ஜெனரேட்டர். சுழலும் ஃபேன் மோட்டாருக்குக் கரன்ட் நின்றாலும் அது வேகத்தில் சுழன்றுகொண்டே கரன்ட் உண்டாக்கும். உங்கள் வண்டியில் ரிலேயின் 30-க்கு பேட்டரி லைனுக்குப் பதில் இக்னிஷன் லைனைக் கொடுத்திருக்கிறார்கள். சாவியை எடுத்ததும் ஃபேன் உண்டாக்கும் கரன்ட் 87 வழியாக 30-க்கு வந்து, இக்னிஷன் லைனுக்கு உயிர் கொடுக்கிறது. அந்த லைன்தான் இசியூவையும் ரிலே காயிலையும் ஊட்டுவது. ரிலே விடாது, இசியூ அணையாது, ஃபேன் வேகம் குறையும் வரை இந்தக் கூத்து நடக்கும்.

30-ஐ ஃபியூஸ் வைத்து நேராக பேட்டரிக்கு மாற்றுங்கள், தீர்ந்தது. இக்னிஷன் சுவிட்சும் பிழைக்கும், அத்தனை ஆம்பைத் தாங்க அது செய்யப்படவில்லை.

ஃபேன் ஓடாதபோதும் இப்படி இழுக்கிறது என்று வேறு யாராவது எழுதினால் பதில் மாறும். அவர்கள் ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு வயரைப் பார்க்க வேண்டும். நடுவே விளக்கோ டையோடோ இல்லாமல் நேராக இக்னிஷனில் கோத்திருப்பார்கள்.

கேள்வி: ஃபேன் சரியான நேரத்தில் ஓடுகிறது, நிற்கிறது. ஆனாலும் நின்ற இடத்தில் ஐடிலிங்கில் விட்டால் சூடு ஏறிக்கொண்டே போகிறது. ஓட்டினால் இறங்குகிறது. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், தண்ணீர் எல்லாம் புதிது.

பதில்: ஒரு தாளை எடுத்து ரேடியேட்டரின் முன்பக்கம், கிரில் பக்கமாகப் பிடியுங்கள். ஃபேன் ஓடும்போது தாள் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் தாள் பறந்து வெளியே வரும் என்று நினைக்கிறேன். ஃபேன் வயர் இரண்டும் மாறி, தலைகீழாகச் சுற்றி, இன்ஜின் அறையின் சூட்டையே ரேடியேட்டருக்கு ஊதிக்கொண்டிருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்காற்று அதை வென்றுவிடுவதால் தெரிவதில்லை. கப்ளரில் இரண்டு பின்னையும் இடம் மாற்றுங்கள். இரட்டை ஃபேன் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகத் தாள் பிடித்துப் பாருங்கள், ஒன்று இழுத்து ஒன்று ஊதும் வண்டிகளும் உண்டு.

தாள் ஒழுங்காக ஒட்டினால், சிஸ்டத்தில் காற்று அடைத்திருக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதையும் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை ஊற்றுங்கள். சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று நின்றால் அது உண்மைச் சூட்டைப் படிக்காது, ஃபேனும் தாமதமாகவே ஓடும். சூடான இன்ஜினில் மூடியைத் திருகவே வேண்டாம். அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும்.

கேள்வி: ஒட்டுப் போட சால்டரிங் நல்லதா, கிரிம்ப் நல்லதா?

பதில்: இன்ஜின் அறைக்குள் கிரிம்ப் (உலோக முனையில் வயரை நசுக்கிப் பிடிப்பது), அதுவும் சரியான பிளையரால் அழுத்தியது, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்). சால்டர் செய்த இடத்தில் வயர் விறைத்துவிடும், அதிர்வில் அந்த ஓரத்தில்தான் அறுகிறது. சால்டர் செய்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஒட்டு ஆடாதபடி இரண்டு பக்கமும் கட்டுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் சூட்டில் பசை இளகி அவிழ்ந்துவிடும், அதை வீட்டு பிளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.